அலை குறைந்த இடம்

1

நான் வேலை பார்க்கும் விடுதி கோவளம் கடற்கரைக்குப் பின்னால், இரண்டாவது வரிசையில் இருக்கிறது. இருபத்தெட்டு அறைகள். ஒவ்வோர் அறையிலும் மேசைமேல் ஒரு தாள் வைத்திருப்போம். தலைப்பு, 'கோவளத்தில் பார்க்கவும் செய்யவும்'. முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் மேல்பாதி மலையாளம், கீழ்ப்பாதி தமிழ். மொத்தம் பதினாறு வரிகள். கலங்கரை விளக்கத்தில் ஏறலாம், விழிஞ்ஞத்தில் குடைவரைக் கோயில் பார்க்கலாம், வெள்ளாயணிக் காயலில் தோணியில் போகலாம், ஒரு நாள் மிச்சமிருந்தால் கல்லாறு வழியாகப் பொன்முடிக்குப் போய்வரலாம். எதற்கு எத்தனை மணி நேரம், எங்கே பேருந்து ஏற வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. தமிழ்ப் பாதியை எழுதியவள் நான். பதினோரு ஆண்டுகளாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நேரங்களைத் தொலைபேசியில் விசாரித்துத் திருத்தி வருகிறேன்.

இந்தப் பதினாறில் இந்த ஜனவரி வரை நான் செய்திருந்தவை இரண்டு. ஒன்று பொன்முடி. இன்னொன்று சூரியன் மறைவதைப் பார்ப்பது. அதையும் வேலை முடிந்து பேருந்துக்கு நடக்கும்போது பார்த்தேன்.

எனக்கு ஊர் சங்கரன்கோவில். பெயர் கோமதி, எங்கள் ஊர் அம்மன் பெயர்; சொன்னாலே ஊர்க்காரர்களுக்கு அது விளங்கிவிடும். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து மூன்று ஆண்டுகள். கணவர் நகரத்துக்குள், ஆரியசாலையில் ஒரு மொத்த அரிசிக் கடையில் இருக்கிறார். வாடகை வீடு கரமனையில். காலை ஆறே காலுக்குக் கிளம்பினால் கிழக்கேகோட்டையில் பேருந்து மாறி ஏழே காலுக்கு விடுதி.

நாகர்கோவிலைத் தாண்டியதற்கெல்லாம் புலம்பெயர்வு என்று பெயரா என்று ஊரில் சிரிப்பார்கள். இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் இரண்டாவது கட்டம் 'வீட்டுப் பெயர்' என்று இருக்கும். நமக்கு இனிஷியல் உண்டு, வீட்டுக்குப் பெயர் ஏது? ரேஷன் கார்டு எழுதும்போது என் கணவர் அந்தக் கட்டத்தைச் சும்மா விடக் கூடாதென்று 'வாடகை வீடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியே அச்சாகி வந்தது. மாற்ற மூன்று முறை அலைந்தேன். கடைசியில், மாற்றுவதற்கு வேறு பெயர் என்ன என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து பள்ளிச் சான்றிதழ் வரை எங்கள் வீட்டுப் பெயர் வாடகை வீடு.

விடுதியில் சேர்ந்த முதல் மாதம் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லிலிருந்து வந்த கணவனும் மனைவியும் சூரிய உதயம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். 'காலை 6.30, கடற்கரை' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கடல் திருச்செந்தூர். அங்கே சூரியன் கடலிலிருந்துதான் வரும். இருவரும் ஏழரை மணி வரை கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகு சுட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். தென்னைமரத்துக்கு மேல் சூரியன் நின்றிருக்கிறது. அந்த மனிதர் கோபப்படவில்லை. சாவியைக் கொடுக்கும்போது, "இந்த ஊர்ல எப்பவும் பின்னாலதான் வருமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எதையும் விசாரிக்காமல் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2

ஜனவரி இரண்டாவது வாரம் என் மகள் ஆனந்தி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தாள். பதினாறு வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். கடற்கரையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சும்மாவே சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிற ஒரு குழு இருக்கிறது. அவர்கள் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள், இரண்டு வாரப் பயிற்சி முகாம் நடக்கும், பெற்றவர் ஒப்பு வேண்டும் என்றாள். கையெழுத்துக்கு இங்கே ஒப்பு.

நான் எந்தப் படிவத்தையும் முதல் வரியிலிருந்து படிப்பவள். பெயர், வீட்டுப் பெயர், ரத்த வகை. ஆறாவது கட்டம் 'அனுபவம்'. அதில் 'பதினான்கு மாதம்' என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. விடுதிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, எனக்கும் கிடையாது. பதினான்கு மாதமாக ஞாயிறுதோறும் நான் எழுதியிருந்தது, 'ஆனந்தி: தோழி லட்சுமி வீட்டில் கணக்குப் பாடம்'. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் பொய்யாகிவிட்டன. நான் விடுதித் துணி மடித்துக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து முந்நூறு அடி தள்ளி அவள் கடலில் இருந்திருக்கிறாள்.

"சொன்னா விட்டிருப்பியா?" என்றாள்.

விட்டிருக்க மாட்டேன். படிவத்தைத் தொடர்ந்து படித்தேன்.

படிவத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வாக்கியம் இருந்தது. 'இந்தப் பயிற்சியின் தன்மையையும் அதிலுள்ள ஆபத்துகளையும் நான் முழுமையாகப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்.'

"எனக்கு ஒண்ணும் புரியலையே. புரிஞ்சுதுன்னு எப்படிக் கையெழுத்துப் போட?" என்றேன்.

"அம்மா, எல்லாரும் வாசிக்காம ஒப்பு போட்டுத் தருவாங்க. நீ மட்டும் எந்தா இப்படி?"

என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "போட்டுக் குடுத்துட்டுப் போயேம்ளா. ஓணான் மாதிரி அந்தத் தாளையே பாத்துக்கிட்டிருக்க" என்றார். மகளிடம் அவர் எதையும் மறுத்ததில்லை. பதினான்கு மாதமும் அவருக்குத் தெரியும் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

படிவம் கொடுக்கக் கடைசி நாளுக்கு இருபத்தொரு நாள் இருந்தது. நான் என் முடிவைச் சொன்னேன். என் தாளில் பன்னிரண்டாவது வரி, 'அலைச்சறுக்கு: காலை 7 முதல் 9 வரை. எட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஏற்றது.' அதை எழுதியவள் நான். ஊரார் பிள்ளைகளைப் பதினோரு வருடமாக அனுப்பிய கடலுக்கு என் பிள்ளையை அனுப்ப மறுக்கிறேன் என்றால், அந்த வரி பொய்யாக இருக்க வேண்டும், அல்லது நான் மறுப்பது தப்பாக இருக்க வேண்டும். எது என்று பார்த்துவிடுகிறேன். பதினாறு வரிகளையும் நானே செய்வேன். கடலில் இறங்குவேன். புரிந்தால் கையெழுத்து. புரியாவிட்டால் இல்லை.

என் கணவர் இப்போது நிமிர்ந்தார். "தெப்பக்குளத்துல கால் நனைக்க மூணு பேர் கையப் பிடிச்சவ. இவ கடலப் பரீட்ச பண்ணப் போறாளாம்" என்று மகளிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதைச் செய்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்குக் கவலை.

3

எனக்குக் கடல்மேல் உள்ள பயத்துக்குக் காரணம் உண்டு. ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

விடுதியில் தாள் இல்லாத காலம் அது. தனியாக வந்து தங்கியிருந்த ஒருவர், ஐம்பது வயதிருக்கும், மதுரைப் பக்கம். காலையில் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. சிவப்புக் கொடி நட்டிருந்த இடத்தில் இறங்கினார் என்றார்கள். அவருடைய அறையைக் காலி செய்து, பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டியவள் நான். சட்டை நான்கு. வேட்டி இரண்டு. பாதி தீர்ந்த பற்பசை. ஒரு சின்னப் பெண்ணுக்கு வாங்கிய சிப்பி மாலை, உறை பிரிக்காதது. அவர் தம்பி வந்து கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தாள் எழுதும் வேலை வந்தபோது, ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இல்லாத ஒரு வரியைத் தமிழில் மட்டும் நானாகச் சேர்த்தேன். 'கடலில் அலை குறைந்த இடத்தில் மட்டும் குளிக்கவும்.' நம் ஆட்களுக்குக் கடல் தெரியாது, அதனால் சேர்த்தேன்.

இருபத்தொரு நாளுக்கும் அட்டவணை போட்டேன். எளியவற்றை முதலில் முடித்தேன். குடைவரைக் கோயில், இருபது நிமிடம். வெள்ளாயணிக் காயல், ஒன்றரை மணி நேரம். தோணிக்காரர் என்னைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்து எனக்கே கோவளத்தைப் பற்றிச் சொன்னார், இரண்டு நேரங்களைத் தப்பாகச் சொன்னார். காலையில் கரைவலை இழுப்பவர்களோடு சேர்ந்து நானும் கயிறு பிடித்தேன். உள்ளங்கை தோலுரிந்து மூன்று நாள் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. இதைத் தாளில் 'இனிய அனுபவம்' என்று எழுதியிருந்தேன். 'இனிய'வை எடுத்துவிட்டேன்.

கலங்கரை விளக்கத்தின் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். பாதியில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் இறங்கி வந்ததில் எண்ணிக்கை தவறியது. கீழே இறங்கி மறுபடி ஏறினேன். மேலே போனதும், இத்தனை ஆண்டு வேலை பார்த்த இடத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக அலைக் கோடுகள் கரையை நோக்கி வந்தன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நுரையே இல்லாமல் ஒரு கரும்பச்சைப் பட்டை, தெரு போல நேராகக் கடலுக்குள் போயிற்று. குளத்துத் தண்ணீர் போல அடங்கிக் கிடந்தது. கடலில் இறங்குவதென்றால் அங்கேதான் இறங்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

4

பதின்மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு, சுடிதாரும் குத்திய துப்பட்டாவுமாகக் கடலில் இறங்கினேன். குறித்து வைத்திருந்த இடத்தைக் கரையிலிருந்து அடையாளம் காண முடியவில்லை. ஆட்கள் குளிக்கும் இடத்திலேயே இறங்கினேன்.

முழங்கால் அளவு தண்ணீர் வந்ததும், என்னை அறியாமல், சின்ன வயதில் பழகியதைச் செய்தேன். கிழக்கே திரும்பிக் கும்பிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போடுவது. திருச்செந்தூரில் கிழக்கே திரும்பினால் எதிரில் கடல். இங்கே கிழக்கே திரும்பினால் எதிரில் தென்னந்தோப்பும் தேநீர்க் கடையும். கடல் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இரண்டாவது முழுக்குக்குக் குனிந்தபோது அலை பின்னாலிருந்து அடித்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. வாய் நிறைய மணல். யாரோ முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

சேவியர். கடற்கரையில் உயிர்காப்பாளர். கொல்லங்கோடு பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், தமிழர், என் வயதுதான் இருக்கும். அவரைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"அக்கா, கடலுக்கு முதுகு காட்டப்பிடாது, கேட்டேளா" என்றார். "இது கோயில் இல்லையாக்கும். இங்க கும்பிடணும்னா அந்தப் பக்கம் பாத்துக் கும்பிடணும்."

மணலில் உட்கார்ந்து இருமி முடித்த பிறகு, என் தவறுக்கு விளக்கம் சொன்னேன். நான் இறங்க நினைத்தது இங்கே அல்ல, அலையில்லாத இடம் ஒன்று இருக்கிறது, மேலிருந்து பார்த்தேன் என்று கையால் காட்டினேன். அவர் அந்தத் திசையைப் பார்த்தார். பிறகு என் விடுதியின் பெயர் குத்திய பையைப் பார்த்தார்.

"தாள்ல தமிழ் எழுதினது நீங்களா?"

"ஆமா."

"அலை குறைஞ்ச இடத்துல குளிக்கவும்னு?"

"ஆமா."

அவர் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். அலை கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழியில்தான் அலை உடையாது, அடங்கின மாதிரி இருக்கும். அதில் இறங்கினால் நீச்சல் தெரிந்தவனையும் உள்ளே கொண்டுபோய்விடும். கடற்கரையிலேயே ஆபத்தான இடம் அதுதான். அங்கேதான் சிவப்புக் கொடி நடுவார்கள்.

"கொடியக் காட்டினா உங்க தாளக் காட்டுவாங்க. 'ஓட்டல்லயே எழுதியிருக்கு சார்'னு. சீசனுக்கு அஞ்சாறு பேர நீந்திப் போய் எடுக்கணும். எல்லாம் நம்ம ஆளுகதான். மத்தவன் அங்க இறங்க மாட்டான்."

"யாராவது…" என்று கேட்க ஆரம்பித்து நிறுத்தினேன்.

"இல்ல. நாங்க நின்னோம். ரெண்டு தடவ உங்க ரிசப்ஷன்ல சொன்னேன். மேல சொல்லுதோம்னாங்க. எங்கயோ ஆபீஸ்ல இருந்து அடிச்சு வருதுன்னு நெனச்சேன். அடுத்த வீட்டு ஆளுன்னு தெரியாம போச்சு."

குளக்கரைக்காரி குளத்தைப் பார்த்து எழுதிய வரி அது. குளத்தில் அடங்கின தண்ணீர் நல்ல தண்ணீர். அந்த மதுரைக்காரரும் அப்படித்தான் நினைத்து இறங்கியிருப்பார். அவர் செத்ததைப் பார்த்துப் பயந்து, அவர் செத்த வழியையே மற்றவர்களுக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன், பதினோரு வருடம்.

ஈர உடையோடு விடுதிக்குப் போனேன். ஏழு ஐம்பதிலிருந்து ஒன்பது பத்து வரை. இருபத்தெட்டு அறைகள். ஆள் இருந்த பத்தொன்பது அறைகளைத் தட்டி, மன்னிப்புக் கேட்டு, தாளை வாங்கினேன். பதினாலாம் எண் அறையில் தூத்துக்குடிக் குடும்பம் ஒன்று குளிக்கப் போகத் துண்டோடு நின்றது. மேலாளர் வந்து, புதுத் தாள் அச்சடித்த பிறகு மாற்றலாமே, அறைகளில் தாள் இல்லாமல் எப்படி என்று கேட்டார். புதுத் தாள் வரும்வரை நானே கீழே நின்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்கிறேன் என்றேன். இரண்டு வாரம் அப்படி நின்றேன்.

5

அன்று மாலை வீட்டில், ஒரு தாளை ஆனந்தியின் முன்னால் வைத்து, அந்த வரியைக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'அலை' வேகமாக வந்தது. 'குறைந்த' கொஞ்சம் நேரம் எடுத்தது. முடித்ததும் முகம் மாறியது.

"அம்மா, இது தப்பில்லே? அது எங்க ரோடு."

பலகையோடு உள்ளே போக எல்லோரும் அந்தப் பட்டையைத்தான் பிடிப்பார்களாம். அதுவே கொண்டுபோய் விடுமாம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, பக்கவாட்டில் நீந்தி அலை உடைகிற இடத்துக்கு வந்துவிட வேண்டும், அலையே கரையில் தள்ளும். முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்களாம்.

"இத்தனை வருஷத்துல இந்தத் தாளை நீ பார்த்ததே இல்லையா?"

"பார்த்திருக்கேன். இங்கிலீஷ் பக்கம். தமிழ் வாசிக்க எனக்கு நேரமாகும் அல்லே."

அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, தமிழ்ப் பள்ளி தூரம், பேருந்து மாற வேண்டும் என்று பக்கத்து மலையாளப் பள்ளியில் போட்டவள் நான். வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். எழுத்து வரை சொல்லிக்கொடுத்தேன், அதற்குமேல் வேலை இருந்தது. கடலைத் தெரிந்தவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, தமிழ் எழுதுகிறவளுக்குக் கடல் தெரியாது என்று ஒரே வீட்டில் இருவர் இருந்திருக்கிறோம். நடுவில் பதினான்கு மாதம் கணக்குப் பாடம்.

"நாளைக்கு அந்த ரோட்டுல என்னைக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

"அம்மாவுக்கு நீச்சல் அறியாதே."

"நாளைக்கில்ல. எட்டு நாள்ல."

ஆறு நாள் காலையில் சேவியர் இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு நீச்சல் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். மல்லாக்கப் படுத்து மிதக்க வந்தது, அலைக்கு மூச்சடக்க வந்தது. என் கணவர் ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பார்க்க வந்தார். கரையில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "கோமு, போதும்ளா, கையெழுத்த நான் போடுதேன்" என்றார். படிவத்தில் 'தாய் அல்லது தந்தை' என்றுதான் இருந்தது. முதல் நாளே அவர் போட்டிருக்கலாம். ஆனந்தி அவரிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள். அதை அப்போதுதான் யோசித்தேன்.

இருபதாம் நாள், மிதவைச் சட்டை மாட்டி, நீளமான ஒரு பலகையில் குப்புறப் படுத்தேன். பின்னால் ஆனந்தி, பக்கத்தில் அவர்களுடைய பயிற்சியாளர். அந்தக் கரும்பச்சைப் பட்டையில் விட்டார்கள். யாரும் தள்ளவில்லை. தண்ணீர் தானாகப் போயிற்று, நாங்களும் போனோம். இரண்டு பக்கமும் அலை உடைந்தது, எங்கள்மேல் ஒன்றும் உடையவில்லை. பிடித்த பிடியில் விரல் வலித்தது. ஆனந்தி விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பாறைக்கு நேரே வந்தால் இழுப்பு நின்றுவிடும், வலது பக்கம் போகணும், அம்மா கண்ணைத் திற. வீட்டில் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைவிட அதிகம் பேசினாள்.

அலைகளுக்கு அப்பால் போனதும் பலகையைக் கரைப்பக்கம் திருப்பினாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். இருபத்து மூன்று வருடம் இருக்கிற ஊர் எதிரில் இருந்தது. எங்கள் விடுதி இரண்டாவது வரிசை, தெரியவில்லை. மணி ஆறு ஐம்பது இருக்கும். தென்னைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன், என் முகத்துக்கு நேரே, ஏறி வந்தது.

"அம்மா கரையுதா?" என்றாள். அழுகிறாயா என்று அர்த்தம்.

"உப்புத் தண்ணி" என்றேன்.

6

இருபத்தோராம் நாள் படிவத்தை எடுத்தேன். வாக்கியத்தை மறுபடி படித்தேன். 'முழுமையாக' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன். மற்றதெல்லாம் உண்மை. கையெழுத்துப் போட்டேன்.

அடித்தல் திருத்தல் இருந்தால் வாங்க மாட்டார்கள் என்று ஆனந்தி வாய்க்குள் முனகிக்கொண்டே எடுத்துப் போனாள். வாங்கிக்கொண்டார்கள். பயிற்சியாளர் அந்தக் கோட்டைப் பார்த்து, 'இந்தச் சொல்லை அடிக்காமல் நானே இத்தனை நாள் எப்படிக் கையெழுத்துப் போட்டுவந்தேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள்.

நாட்குறிப்பில் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளை நான் திருத்தவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது ஞாயிறுதோறும் காலை ஐந்தே முக்காலுக்கு இருவரும் ஒரே பேருந்தில் போகிறோம். கிழக்கேகோட்டை வரை அவள் எனக்கு ஒரு பக்கம் தமிழ் வாசித்துக் காட்ட வேண்டும். அது என் நிபந்தனை. திட்டிக்கொண்டே வாசிக்கிறாள். முதல் வாரம் பன்னிரண்டு நிமிடம், போன வாரம் எட்டு.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் விடுதியில் தங்கினாலும் வேறெங்கே தங்கினாலும், கோவளத்தில் பார்க்கவும் செய்யவும் இப்போது பதினேழு உண்டு. புதுத் தாளின் தமிழ்ப் பாதியை ஆனந்தி சொல்லச் சொல்ல எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் சேவியரிடம் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் சரி போட வைத்தேன். ஏழாவது வரி, 'கடலில் அலை குறைந்து அடங்கியிருக்கும் இடத்தில் ஒருபோதும் இறங்கக் கூடாது.' பன்னிரண்டாவது வரியில் 'எல்லோருக்கும் ஏற்றது' இல்லை. 'பிள்ளையை அனுப்பும் முன் பெற்றவர் ஒரு நாள் இறங்கிப் பார்க்கவும்' என்று இருக்கிறது. பதினேழாவது வரி கடைசியில் சேர்த்தது:

'சூரிய உதயம்: காலை 6.50. கரையிலிருந்து பார்த்தால் கடலில் தெரியாது. அலைகளுக்கு அப்பால் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது. வழி தெரிந்தவர் ஒருவரோடு போகவும்.'